நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த அரங்கில் ஒலிவாங்கியை அடுத்தவரிடம் நீட்டுவதுதான் என் வேலை. இன்று அதை என் கையிலேயே கொடுத்து, "உங்கள் பொழுதுபோக்கைப் பற்றி நீங்களே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முன் பேசியவர் தம் வீட்டு மாடத்தில் வளர்க்கும் வெற்றிலைக் கொடியைப் பற்றி அழகாகப் பேசினார். நான் கொண்டு வந்திருப்பது இந்தச் சின்னப் பை. உள்ளே இருப்பவை ஆறு பகடைகள்.

பகடை என்றதும் முன்வரிசையில் இரண்டு பேருக்கு முகம் மாறுகிறது. தவறில்லை. என் அம்மாவுக்கும் அப்படித்தான் மாறியது. "மகாபாரதம் படிச்ச குடும்பம் இது. வீட்டுக்குள்ள பகடையைக் கொண்டு வர்றியே, அடுத்து யாரைப் பணயம் வைக்கப் போற?" என்று கேட்டார். சகுனியின் பகடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இதில் காசும் இல்லை, பணயமும் இல்லை என்று புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவும் முழுதாகப் புரிந்ததா என்பது சந்தேகம்தான்.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. இன்று இதன் வழியில் வந்த விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில். தாளில் உங்கள் கதாபாத்திரம் இருக்கும். நீங்கள் ஒரு வாள்வீரர், அவர் ஒரு மந்திரவாதி, இன்னொருவர் பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடர். ஒருவருக்கு மட்டும் வேடம் கிடையாது. அவர்தான் ஆட்டத்தை நடத்துபவர், கேம் மாஸ்டர். காடும் மழையும் சத்திரக்காரரும் எதிரிகளும் எல்லாம் அவரே. அவர் நிலைமையைச் சொல்வார். பிறகு, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் பதில் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். வென்றவர் தோற்றவர் என்று யாரும் கிடையாது. எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கதைக்குள் போய் வருகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த கேம் மாஸ்டர் வேலையை நான் எவ்வளவு மோசமாகச் செய்தேன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2019ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறை. என் அக்கா மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. உயர்நிலை ஒன்று முடித்திருந்தான். அவனுக்குப் பேச்சுத் திக்கும். சில எழுத்துகளில் வந்து நிற்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கண்ணை இறுக மூடிக்கொள்வான். இன்று இதையெல்லாம் பொதுமேடையில் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன். அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. அந்த ஆண்டு முழுக்க வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை என்று அக்கா வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். விடுமுறையில் ஏதாவது செய்யலாமே என்று நான்தான் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தேன். 2014இல் வெளிவந்த தொடக்கநிலைப் பெட்டி. 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், தயாராக எழுதி வைத்த ஐந்து கதாபாத்திரத் தாள்கள், நான்கு முகத்தில் தொடங்கி இருபது முகம் வரை ஆறு பகடைகள்.

பெட்டியைத் திறந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கதை சொல்ல வேண்டும், குரல் மாற்றிப் பேச வேண்டும், ஆட்களைச் சுவாரசியமாக வைத்திருக்க வேண்டும். இதைத்தானே பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்று ஆண்டு படித்துப் பட்டயம் வாங்கினேன்! இதைத்தானே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்! இரண்டு இரவு கண்விழித்துப் பதினான்கு பக்கம் எழுதினேன். எங்கே இடி இடிக்கும், எங்கே நான் நிறுத்துவேன், கிழவன் எப்படி இருமுவான் என்பது வரைக்கும் அதில் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் நான்கு பிள்ளைகள். அக்கா மகன், அவனுடைய பள்ளி நண்பர்கள் இருவர், எதிர்வீட்டு மலாய்ச் சிறுமி. ஆங்கிலமும் தமிழும் மலாயும் கலந்துதான் ஆட்டம் ஓடியது; அதை மறைக்கவில்லை. கதை எளிமையானது. குள்ள இனத்தவர் ஒருவர் தம் சரக்கு வண்டியை ஃபேண்டலின் என்ற சிற்றூருக்குக் கொண்டு போகச் சொல்லி இவர்களை அமர்த்துகிறார். வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பில் கறுப்பு இறகு கட்டிய அம்புகள். புதருக்குள் கோப்ளின்கள் ஒளிந்திருக்கின்றன. கோப்ளின் என்றால் குட்டிப் பூதம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பிரமாதம். நான் விளக்கை மங்கலாக்கி, குரலைத் தாழ்த்திப் பேசினேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். "டிவி பார்க்கிற மாதிரியே இருக்கு ஆன்ட்டி" என்று ஒரு பையன் சொன்னான். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், பாருங்கள்!

இரண்டாம் நாள் கோப்ளின்களின் குகை. வாசலுக்குப் பக்கத்தில் ஓநாய்களைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். மலாய்ச் சிறுமி, "அவற்றுக்குப் பசிக்குமா? என் பையில் இருக்கிற உணவைப் போடட்டுமா?" என்று கேட்டாள். என் பதினான்கு பக்கத்தில் அந்த இடத்தில் சண்டை எழுதியிருந்தது. "அவை காட்டு ஓநாய்கள், அதெல்லாம் நடக்காது" என்று சொல்லிவிட்டேன். உணவு கொடுத்தால் ஓநாய்களை அமைதிப்படுத்துவது எளிதாகும் என்று புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

இன்னும் உள்ளே போனால் யீமிக் என்றொரு கோப்ளின். அவனிடம் சில்டார் என்ற மனிதர் கைதியாக இருக்கிறார். யீமிக்குக்குத் தன் தலைவன் க்ளார்க்கைப் பிடிக்காது. "அவனைக் கொன்று வாருங்கள், கைதியைத் தருகிறேன்" என்று பேரம் பேசுவான். எனக்கு மிகவும் பிடித்த காட்சி. மூக்கால் பேசும் ஒரு குரலை அவனுக்காகப் பயிற்சி செய்து வைத்திருந்தேன். பேசி முடித்ததும் அக்கா மகன் நிமிர்ந்தான். அன்று மாலை முழுவதும் அவன் அப்படி நிமிர்ந்தது அதுதான் முதல் முறை. வாயைத் திறந்தான். "நா... நா..." என்று நின்றது.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நேரலை ஒளிபரப்பில் மௌனம் என்பது விபத்து. விருந்தினர் பேச்சு மறந்து நின்றால் மூன்று விநாடிக்குள் நாங்கள் எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். படிக்கும்போதே அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டு செய்த பிறகு அது யோசித்துச் செய்கிற காரியமாக இருப்பதில்லை. கை சுட்டால் இழுத்துக்கொள்வதைப் போல, தானாக நடக்கும்.

அவன் நண்பன், "தாக்குறான்! அவன் தாக்குறான்!" என்று முடித்து வைத்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டு, "நல்லது, கத்தியை உருவுகிறாய், பகடையை உருட்டு!" என்றேன். அவன் உருட்டினான். நல்ல எண்தான் விழுந்தது. நான் அந்த வெட்டை அருமையாக வருணித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் துணைப்பாட வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வரவில்லை. டிசம்பர் விடுமுறையில் என்ன துணைப்பாட வகுப்பு? அதற்கடுத்த வாரம் தலைவலி. ஏன் போகவில்லை என்று என் அம்மா கேட்டிருக்கிறார். "அது சித்தியோட ப்ரோக்ராம், பாட்டி" என்றானாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒளிப்பானேன்? இரண்டு இரவு தூங்காமல் எழுதினேனே என்ற கோபம். பிறகு அந்த வாசகம் கழுத்தைப் பிடித்தது. உண்மைதானே! மேசையில் நான்கு பேர் ஆடவில்லை. நான் ஒருத்தி நிகழ்ச்சி நடத்தினேன், அவர்கள் நான்கு பேரும் நேயர்களாக இருந்தார்கள். பகடையை உருட்டியதெல்லாம் கைதட்டச் சொல்வதைப் போலத்தான்.

இந்த விளையாட்டு எப்படிப் பிறந்தது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் தம் நண்பர்களுக்கு நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை ஏற்பாடு செய்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊர். படைத் தளபதிகளோடு, ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். போர் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு எழுந்து, மூலைக்கு மூலை நின்று பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். அவர் திட்டமிட்ட போர் நடக்கவே இல்லை. ஆட்டம் படுதோல்வி என்று வெஸ்லி நினைத்தார். ஆட்டக்காரர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். வெஸ்லியின் அந்த ஆட்டங்களில் கலந்துகொண்டவர்தான், பின்னர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசன்.

நடத்தியவரின் திட்டம் கைநழுவிப் போன ஒரு மாலையில் பிறந்த விளையாட்டு இது. நானோ திட்டம் கைநழுவக் கூடாது என்று பதினான்கு பக்கம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதையும் தயாரித்தேன்! அவன் அறை வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. "யீமிக் பேசினப்போ நீ என்ன சொல்ல வந்தே?" என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் நின்றேன். நேரம் போனது. கடைசியில், "யா... யாரும் என் வாக்கியத்தை முடிக்கக் கூடாது. நீங்களும்தான்" என்றான். அதுதான் நிபந்தனை. யீமிக்கிடம் என்ன சொல்ல வந்தான் என்பதை அன்றும் சொல்லவில்லை. ஆட்டத்தில்தான் சொல்வானாம்.

ஜனவரியில் மறுபடி கூடினோம். ஆட்டம் தொடங்கும் முன் அரைமணி நேரம் வெறும் பேச்சு. இந்த மேசைக்கு என்ன விதிகள் வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். இந்த விளையாட்டில் தேறியவர்கள் பலரும் முதல் ஆட்டத்துக்கு முன்பே செய்கிற காரியம் இது. பாம்பு வரக்கூடாது என்றாள் மலாய்ச் சிறுமி. செல்லப்பிராணி சாகக்கூடாது என்றான் ஒருவன். ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கக்கூடாது என்பதை நானே, எல்லாருக்கும் பொதுவான விதியாக எழுதி மேசை நடுவில் வைத்தேன். யாருக்காக என்று சொல்லவில்லை. பிள்ளைகள் முட்டாள்களா என்ன? புரிந்துகொண்டார்கள்.

பிறகு குகைக்கே திரும்பிப் போனோம். ஓநாய்களிலிருந்து மறுபடி தொடங்கினோம். மலாய்ச் சிறுமி உலர்ந்த இறைச்சியைப் போட்டாள், பகடையும் அவள் பக்கம் விழுந்தது, ஓநாய்கள் வாலாட்டின. என் பழைய சண்டைக் காட்சியைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

யீமிக் வந்தான். பேரம் பேசினான். நான் அக்கா மகனைப் பார்த்து, "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, மேசைக்கு அடியில் என் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டேன். அவன் தொடங்கினான், நின்றது. மறுபடி தொடங்கினான். சுவர்க்கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. நாற்பது விநாடி. நேயர்களே, இங்கே நான் நாற்பது விநாடி பேசாமல் நின்றால் வீட்டில் எத்தனை பேர் அலைவரிசையை மாற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று அந்த மேசையில் ஒருவரும் அசையவில்லை.

அவன் கேட்டது இதுதான்: "க்ளார்க் உன்னை அடிப்பானா?"

என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை. யீமிக் பொல்லாதவன், துரோகி, அவ்வளவுதான் நான் தெரிந்து வைத்திருந்தது. என் மூக்குக் குரல் எங்கோ போய்விட்டது. சாதாரணக் குரலில், "ஆமாம், தினமும்" என்றேன். "அப்படியென்றால் எங்களோடு வா. அவனை நீ கொல்ல வேண்டாம், நாங்களும் கொல்ல வேண்டாம்" என்றான் அவன். சொல்லி முடிக்க இன்னும் ஒரு நிமிடம் ஆனது.

இந்த இடத்தில் பகடை உருண்டது. எளிய காரியம் என்றால் 10, நடுத்தரம் என்றால் 15, கடினம் என்றால் 20 எடுக்க வேண்டும் என்பது விதி. நான் 15 சொன்னேன். கூடுதல் புள்ளி எதுவும் இல்லாதவருக்கு அது இருபதில் ஆறு வாய்ப்பு, அதாவது நூற்றுக்கு முப்பது. பகடை உருண்டு நின்றது. நான்கு. எல்லார் முகமும் விழுந்தது. என் மனத்துக்குள் ஓர் ஆசை: பரவாயில்லை, ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிடலாமா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது மறுபடி என் ப்ரோக்ராம் ஆகியிருக்கும். அவன் மேல் இரக்கப்பட்டேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அதே நேரத்தில், தோற்றுவிட்டாய், கதவு மூடிவிட்டது என்றும் சொல்லக்கூடாது. "யீமிக் உன்னை நம்பவில்லை. ஆனால் இதுவரை யாரும் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கைதியை விடுகிறான். பதிலுக்கு உங்கள் வண்டியையும் சரக்கையும் எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடிவிடுகிறான்" என்றேன். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சரக்குக்குச் சொந்தக்காரரிடம் என்ன பதில் சொல்வது? யீமிக்கை எங்கே தேடுவது? அடுத்த ஆறு மாதக் கதை அந்த நான்கிலிருந்துதான் வந்தது. பகடையைக் கண்டால் முகம் சுளித்த என் அம்மாகூட ஒவ்வொரு வாரமும் மைலோ கொண்டு வந்து வைத்துவிட்டு, "அந்தக் குட்டிப் பிசாசு கிடைச்சானா?" என்று கேட்கத் தொடங்கினார்.

அதன்பிறகு நான் நடத்தும் விதமே மாறியது. உங்களில் யாராவது வீட்டில் நடத்திப் பார்க்க நினைத்தால் உதவும் என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

பதினான்கு பக்கம் ஒரு பக்கமாயிற்று. அந்தப் பக்கத்தில் கதை இருக்காது. ஊரில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், நம் வீரர்கள் ஒன்றும் செய்யாமல் சத்திரத்தில் தூங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று மட்டும் எழுதி வைப்பேன். அந்த ஃபேண்டலின் ஊரில் சிவப்பு அங்கி அணிந்த அடியாட்கள் ஊராரை மிரட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு சண்டை போடலாம், பேசலாம், கூட்டத்துக்குள் புகுந்துகொள்ளலாம், ஊரைவிட்டே ஓடலாம். எதைச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எனக்கும் சுவாரசியம். அடியாட்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தால் போதும், மற்றதை அங்கேயே சொல்லிவிடலாம்.

வருணனையைக் குறைத்தேன். இரண்டு வாக்கியம், அதில் ஒரு வாசனையோ ஒரு சத்தமோ. "ஈர மண் வாசனை. உள்ளே யாரோ எலும்பைக் கடிக்கிற சத்தம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" அவ்வளவுதான். எனக்கு இது பெரிய தியாகம், தெரியுமா! 2015 முதல் தொழில்முறைக் குரல்நடிகர்கள் இந்த விளையாட்டை ஆடி இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பலர், குரல் மாற்றத் தெரியாதே, நமக்கு இது வராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். குரல் மாற்றத் தெரிந்ததுதான் எனக்கு வினையாகிப் போனது. தெரியாதவர்கள் தைரியமாக நடத்தலாம்.

துப்புத் துலக்கும் கட்டம் வந்தால் ஒரே ஒரு தடயத்தை வைத்துவிட்டு அதைக் கண்டுபிடிக்கும்வரை பிள்ளைகளைத் தவிக்க விடாதீர்கள். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்பவர் 2008இல் எழுதிய கட்டுரையில் ஒரு முடிவுக்கு மூன்று தடயங்கள் வையுங்கள் என்கிறார். முதல் தடயத்தைப் பார்க்கமாட்டார்கள், இரண்டாவதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதில்தான் பிடிபடும். என் அனுபவத்தில் மூன்றும் சில சமயம் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பகடையை அடிக்கடி உருட்ட வைக்காதீர்கள். கதவைத் திறக்கப் பகடை, படியேறப் பகடை என்று போனால் சலித்துவிடும். தோற்றால் கதை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் உருட்டச் சொல்லாதீர்கள், காரியம் நடந்துவிட்டது என்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. சண்டை வந்தால் யார் முதலில், யார் அடுத்து என்று பகடை போட்டு வரிசை வைத்துக்கொள்வது விதி. அக்கா மகனுக்குச் சண்டைக் காட்சிதான் பிடிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவனுக்குப் பிடித்தது சண்டை அல்ல. அந்த வரிசை. தன் முறை வந்தால் அது தன் முறை, யாரும் குறுக்கே வர முடியாது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, சந்தையில் பேரம் பேசுகிற காட்சியாக இருந்தாலும் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினேன். சத்தமாகப் பேசுகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் எரிச்சல். பழகிவிட்டார்கள்.

அவன் பார்த்து வந்த பேச்சுச் சிகிச்சையாளரிடமும் ஒருமுறை பேசினேன். திக்கிப் பேசுகிறவரிடம் "நிதானமாகப் பேசு, மூச்சை இழுத்து விடு" என்று சொல்லாதீர்கள், வாக்கியத்தை முடித்து வைக்காதீர்கள், எப்படிச் சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு என்ன சொல்கிறார் என்பதைக் கேளுங்கள் என்றார். கேம் மாஸ்டருக்குச் சொல்லவேண்டியதும் ஏறக்குறைய அதுதானே என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமித்தொற்று முறியடிப்பு நடவடிக்கை நடப்பில் இருந்தபோது திரையில் ஆடினோம். கேட்கிறதா, கேட்கிறதா என்பதிலேயே பாதி நேரம் போனது. திரையில் மௌனம் வந்தால் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எல்லாரும் பதறுவார்கள். அதற்காக ஒரு வழி வைத்தோம்: யோசித்துக்கொண்டிருப்பவர் கேமராவுக்கு முன்னால் பென்சிலை உயர்த்திக் காட்ட வேண்டும். மேசைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பென்சில் வழக்கம் நிலைத்துவிட்டது.

இப்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இப்படிப்பட்ட மேடைகளில் கதை சொன்னால், கடைசியில் பையன் சொற்போட்டியில் முதல் பரிசு வாங்கினான் என்று முடிப்பது வழக்கம். இவன் வாங்கவில்லை. திக்குவது நிற்கவில்லை. களைப்பாக இருக்கும் நாளில் முன்பைவிட அதிகமாகவே திக்கும். இந்த விளையாட்டு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சுச் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் அதற்குரியவர்களிடம் போக வேண்டும். பள்ளியில் அவன் வாய் திறந்தானா என்று கேட்டால், ஓரளவு. மேசையில் திறந்தான். அது எனக்குத் தெரியும்.

பெற்றோர்கள் இருவர் இடைவேளையில் என்னிடம் கேட்டார்கள், இதில் மாந்திரீகம் அது இது என்று ஏதும் உண்டா என்று. 1980களில் அமெரிக்காவிலும் இதே பயம் பெரிதாகக் கிளம்பியது, பெற்றோர் சங்கமே அமைத்து எதிர்த்தார்கள். கதையில் மந்திரவாதி வருவார், உண்மை. விக்கிரமாதித்தன் கதையிலும் வேதாளம் வருகிறதே, நாம் படிக்கவில்லையா? செலவு பற்றியும் கேட்டார்கள். அடிப்படை விதிகளை வெளியீட்டாளர்களே இலவசமாகத் தருகிறார்கள். ஒரு பகடைப் பை, தாள், பென்சில் போதும். நேரம்தான் செலவு. ஓர் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும், அந்த மூன்று மணி நேரமும் கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கும்.

அக்கா மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. தேசிய சேவையில் இருக்கிறான். வார இறுதியில் முகாமிலிருந்து வருகிறபோது, அதே சாப்பாட்டு மேசையில் அவன்தான் கேம் மாஸ்டர். உடன் சேவையாற்றும் இரண்டு பேரை அழைத்து வருவான். நான் ஆட்டக்காரி. எனக்கு ஒரு கிழட்டு மந்திரவாதி வேடம்.

போன சனிக்கிழமை என் மந்திரவாதி ஒரு பாலத்தில் நிற்கிறார். பின்னால் ஊரார் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் வருகிற படையின் தலைவன் யீமிக். ஆமாம், அதே யீமிக், இப்போது கிழவன். அவன் கையில் அந்தப் பழைய வண்டியின் ஒரு சக்கரம். அக்கா மகன் தன் தாளைக் கீழே வைத்தான். "சித்தி," என்றான், "நீ... நீங்க என்ன செய்றீங்க?"

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அவன் பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.